நாற்பது எழுத்து மழை

ஒச்சம்மாள் பெரியம்மா போனில் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"என்னப்பு, ஒன் சங்கிலி மெயிலு ரிப்பேரா? பதினாறு நாளா ஒண்ணுமே வரலியே?"

பிரதீப்புக்கு முதலில் வந்தது ஆனந்தம். ஏழு மாதமாக அவனுடைய மகத்தான படைப்பைப் பற்றி யாரும் நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை சொன்னதில்லை. பெங்களூர்க் கம்பெனி அவனை வீட்டுக்கு அனுப்பியபோதுகூட ஒரு பக்கத்துக்குக் காரணம் எழுதிக் கொடுத்தது. பங்காளிகள் அந்த அளவுக்குக்கூட மெனக்கெடவில்லை.

"அதெல்லாம் ரிப்பேரே ஆகாது பெரியம்மா. ரிப்பேர் ஆகிறதுக்கு நடுவுல ஒரு ஆளோ மிஷினோ கெடையாது. அதான் அதோட பெருமையே. வியாபாரிக யாரும் எழுதியிருக்க மாட்டாங்க."

"வியாபாரி கெடக்கான். ஒங்கப்பன் ஏன் எழுதலேங்கிறேன். ரெண்டு நாற்காலி விசயத்துக்கு அந்த டீச்சரு என்னதான் சொன்னா?"

"எந்த டீச்சர்?"

மறுமுனையில் பெரியம்மா யாரிடமோ சொல்வது கேட்டது: "இவனுக்குத் தெரியாதாம்ல."

அதற்குச் சிரித்த குரல் உக்கிரபாண்டிச் சித்தப்பாவுடையது. இதைக் கேட்டுத்தான் பிரதீப்புக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த இரண்டு வீட்டுக்கும் ஒன்றரை வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

பெரியம்மா இருக்கும் ராசிங்காபுரத்துக்கு வண்டியை விரட்டிக்கொண்டு போனான். போகிற வழியெல்லாம் மனசு ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தது. டீச்சர். டீச்சர். அப்பாவுக்கு வயது அறுபத்தொன்று. அம்மா போய் எட்டு வருடம். இந்த எட்டு வருடத்தில் அப்பா ஒரு வெளிப் பெண்பிள்ளையிடம் பேசியதை அவன் பார்த்தது, பஸ்சில் கண்டக்டரம்மா சில்லறை கேட்டபோது மட்டும்தான்.

சங்கிலி மெயில் பிறந்த கதை இதுதான். போடிமெட்டுக்கு மேலே தாத்தா வைத்துவிட்டுப் போன ஏலக்காய்த் தோட்டத்தை ஐந்து பங்காளி வீடுகள் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார்கள். தோட்டம் ஐந்தானாலும் வெளியூர் வியாபாரிகள் எழுதுவதற்கு மெயில் முகவரி ஒன்றுதான். அதன் பாஸ்வேர்டு ஐந்து வீட்டுச் சுவரிலும் எழுதியிருந்தது. ஒரு நாள் துபாயிலிருந்து வந்த பெரிய ஆர்டர் மெயிலை யாரோ அழித்துவிட்டார்கள். அழித்தது யார் என்று இன்றுவரை தெரியாது. தெரியாததால் எல்லோரும் எல்லோரையும் சந்தேகப்பட்டார்கள். அந்த வருடம் குலதெய்வம் கோயிலில் ஐந்து அடுப்பு மூட்டி ஐந்து பொங்கல் வைத்தார்கள்.

வேலை போய் ஊர் திரும்பியிருந்த பிரதீப் அப்போதுதான் பிளாக்செயினைக் கையில் எடுத்தான். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. வருகிற மெயில், போகிற மெயில் எல்லாம் ஐந்திலும் ஒரே நேரத்தில் பதியும். ஒருவர் அழிக்கப் பார்த்தால் மற்ற நான்கும் காட்டிக்கொடுத்துவிடும். இதை அவன் விளக்கி முடித்ததும் உக்கிரபாண்டிச் சித்தப்பா எழுந்து நின்றார்.

"அப்ப யாரும் யாரையும் நம்ப வேண்டியதில்ல?"

"தேவையே இல்ல சித்தப்பா."

"இத முன்னாடியே கண்டுபுடிச்சிருக்கக் கூடாதாடா?"

ஒரு மெயிலை ஐந்து இடத்தில் காலாகாலத்துக்கும் வைத்துக் காப்பாற்றுவது தேவைதானா என்று பெங்களூர் நண்பன் ஒருவன் கேட்டான். "மெயில்ல உனக்கு என்ன பிரச்சினை? மெயிலா, உன் சொந்தக்காரங்களா?" என்றான். பிரதீப் அவனுக்குப் பன்னிரண்டு பக்கப் பதில் எழுதினான். அந்தப் பன்னிரண்டு பக்கத்தில், மெயிலுக்குள்ளே இருப்பதை எழுதியவரும் பெறுபவரும் தவிர வேறு யாராலும் திறக்க முடியாது என்பதற்கு மட்டும் மூன்று பக்கம். தலைப்பை மட்டும் பூட்டாமல் திறந்து வைத்திருப்பதற்குக் கால் பக்கம். வியாபாரி மெயில் வந்திருக்கிறது என்பது ஐந்து வீட்டுக்கும் தெரிய வேண்டும் அல்லவா?

பெரியம்மா வீட்டு முன்னறையில் டிவியைப் பார்த்து இருந்த நாற்காலிகள் எல்லாம் இப்போது அவன் வைத்த பெட்டியைப் பார்த்துத் திரும்பியிருந்தன. சித்தப்பா தட்டில் முறுக்கோடு உட்கார்ந்திருந்தார்.

"வா வா. உக்காரு. மொதல்ல இருந்து படிக்கவா, எனக்குப் புடிச்சதப் படிக்கவா?" என்றாள் பெரியம்மா. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பதிலுக்குக் காத்திராமல் வாசித்தாள்.

"'மதிப்பிற்குரிய டீச்சர் அவர்களுக்கு வணக்கம். இங்கே கடும் வெயில். உங்கள் தோட்டத்துப் பலா மரத்தின் நிழல் மத்தியானம் மூன்று மணிக்கு வேலியைத் தாண்டி என் பக்கம் விழுகிறது. நான் அந்த நேரம் பார்த்துத்தான் டீ குடிக்கிறேன். கோட்டைச்சாமி.' பன்னெண்டாவது கடுதாசி இது. எப்பிடி?"

பிரதீப் திரையைப் பார்த்தான். தலைப்புகள் வரிசையாக நின்றன. தலைப்பு என்றா சொல்வது? ஒவ்வொன்றும் ஒரு முழுக் கடிதம். 'தலைப்பு' என்ற பெட்டிக்குள் அப்பா வணக்கத்தில் தொடங்கி கையெழுத்து வரைக்கும் எழுதித் தள்ளியிருந்தார். கீழே உள்ள பெரிய பெட்டி, மூன்று பக்கப் பெருமைக்குரிய அந்தப் பூட்டுப் போட்ட பெட்டி, இருபத்தேழு மெயிலிலும் காலியாக இருந்தது. உலகத்திலேயே மிகப் பாதுகாப்பான வெற்றிடம்.

"நீ பாக்கவே இல்லியாப்பு? ஒங்க வீட்டுலயும் பெட்டி இருக்கே?"

பிரதீப் தினமும் காலையில் பெட்டியைப் பார்ப்பான். பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்ப்பான். அதற்கு மேல் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தான்.

"அஞ்சு வீட்டுலயும் படிக்கிறாகளா?"

"படிக்காம? ஒன் கன்னையன் சித்தப்பன் பெண்டாட்டி நோட்டுல எழுதி வச்சிருக்கா. ஆனா ஒங்கப்பன் எழுதுறதுதான் தெரியுது. டீச்சர் எழுதுற பதில்ல மேல ஒண்ணும் இல்ல, உள்ள இருக்கிறது பூட்டிக் கெடக்கு. அவ பதிலு என்னவா இருக்கும்னு நாங்களாப் பேசிக்குவோம். இவரு ஒண்ணு சொல்லுவாரு, நான் ஒண்ணு சொல்லுவேன்." இவர் என்றது ஒன்றரை வருடம் முகம் கொடுத்துப் பேசாத சித்தப்பாவை.

"கடசிக் கடுதாசியக் காட்டுங்க மதினி" என்றார் சித்தப்பா.

பெரியம்மா வாசிக்கவில்லை. நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள். அவனே வாசித்தான்.

'மதிப்பிற்குரிய டீச்சர் அவர்களுக்கு வணக்கம். இங்கே நல்ல மழை. என் வீட்டில் இரண்டு நாற்காலி இருக்கிறது. ஒன்றில் நான் உட்காருகிறேன். இன்னொன்றில் பழைய பேப்பர் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் வந்து உட்காருவதாக இருந்தால் பேப்பரைக் கீழே எடுத்து வைத்துவிடுவேன். ஊர் என்ன சொல்லும் என்று நான் யோசித்து முடித்துவிட்டேன், நீங்களும் யோசியுங்கள். விருப்பம் இல்லை என்றால் அதை எழுதிச் சங்கடப்பட வேண்டாம். எப்போதும் போல மழையைப் பற்றி இரண்டு வரி எழுதுங்கள். புரிந்துகொள்வேன். கோட்டைச்சாமி.'

அதற்குக் கீழே டீச்சரிடமிருந்து ஒரு பதில். பூட்டு. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை.

பதினாறு நாளாக அப்பா சரியாகச் சாப்பிடாததை பிரதீப் கவனித்திருந்தான். வாய்வுக் கோளாறு என்று ஓமத் தண்ணி வாங்கிக் கொடுத்திருந்தான்.

"பதில மட்டும் தொறந்து காட்டிரு அப்பு. மனசு கெடந்து அடிக்குது" என்றாள் பெரியம்மா.

"அது முடியாது பெரியம்மா."

"அப்ப எல்லாத்தையும் அழிச்சிரு. ஒங்கப்பனுக்குத் தெரிஞ்சா நாண்டுக்குவான்."

"அதுவும் முடியாது."

"எந்தக் கோட்டிக்காரப் பயடா இப்பிடிச் செஞ்சது?" என்றார் சித்தப்பா முறுக்கைக் கடித்துக்கொண்டே. கேட்ட பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. தட்டை அவன் பக்கம் நகர்த்தினார்.

அப்பாவிடம் சொல்ல அவனுக்கு ஒன்றேகால் மணி நேரம் பிடித்தது. அதில் ஒரு மணி நேரம் தெருமுனையில் நின்றான். கோட்டைச்சாமி முன்னறையில் காய் ஏலம் விடும் மையத்துக்குப் போக வேண்டிய சாம்பிள் பைகளைப் பரப்பி வைத்திருந்தார். ஒவ்வொரு பைக்கும் மேலே ஒரு சீட்டு. அதில் பெயர், தோட்டம், எடை, காயின் ரகம் எல்லாம் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தார். பிரதீப் சொல்லி முடிக்கும்வரை பேனா நிற்கவில்லை. பிறகு நின்றது.

"அஞ்சு வீட்டுலயுமா?"

"ஆமாப்பா."

"மதினியும்?"

"அவங்கதான் வாசிச்சுக் காட்டுறது."

அப்பாவின் முகத்திலிருந்து ரத்தம் இறங்கிப் போவதை பிரதீப் அதற்கு முன் பார்த்ததில்லை. அம்மா போன அன்றைக்குக்கூட அந்த முகத்துக்கு ஒரு நிறம் இருந்தது.

"உள்ள இருக்கிறத ஒருத்தனும் பாக்க முடியாதுன்னு நீதானடா சொன்ன?"

"உள்ள நீங்க ஒண்ணுமே எழுதலியேப்பா! மேல, தலைப்புலதான எல்லாத்தையும் எழுதியிருக்கீங்க!"

"பின்ன எங்க எழுதுறது?" கோட்டைச்சாமி ஒரு சாம்பிள் பையைத் தூக்கி மகன் முகத்துக்கு நேரே பிடித்தார். "நாப்பது வருசமா எங்கடா எழுதுறோம்? சொல்ல வேண்டியதெல்லாம் மேல் சீட்டுல. உள்ள காயி. அனுப்பறதுக்குக் காயி இல்லாதப்ப உள்ள என்னத்தப் போடுறது?"

பன்னிரண்டு பக்கம் எழுதியவனுக்கு இந்தக் கேள்வி தோன்றியதில்லை.

அப்பா பையைக் கீழே வைத்தார். "எம் பேரு போகட்டும். அந்தம்மா பேரும் அதுல இருக்கேடா. வேண்டாம்னு கௌரவமா ஒதுங்கிப் போன மனுசி. மழைன்னு ரெண்டே வரி. அவ்வளவு நாகரிகமா." பேனாவை மூடி வைத்தார். "நாளைக்கு மேல ஏறிப் போயி நடந்ததச் சொல்லு. மன்னிப்புக் கேளு. ஒன் சோலி இது, நீதான் கேக்கணும்."

மறுநாள் காலை தோட்ட வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிய ஜீப்பில் பிரதீப் ஏறியபோது, முன் சீட்டில் அப்பா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை. திரும்பிப் பார்க்கவில்லை. கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றாக ஏறும்போது, அவர் இறங்கித் திரும்பிவிடுவாரோ என்று பிரதீப் பார்த்துக்கொண்டே வந்தான். போடிமெட்டு தாண்டி, டீச்சர் வீட்டுக்குப் பிரியும் மண்பாதையில், வேலையாட்களை இறக்கிவிட்டு ஜீப் நின்றது. பிரதீப் இறங்கினான். அப்பா இறங்கவில்லை.

"போ. நான் இங்கனயே இருக்கேன்" என்றார் கண்ணாடி வழியாகக் காட்டைப் பார்த்துக்கொண்டு.

பொற்கொடி டீச்சர் முப்பது வருடம் மலையில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். அப்பாவின் தோட்டத்து வேலியை ஒட்டித் தன்னந்தனியாக இரண்டு ஏக்கர் ஏலம் பார்த்துக்கொண்டு, தகரக் கூரை போட்ட வீட்டில் இருந்தார். அவனை உட்காரச் சொல்லி, பால் விடாத கட்டன் சாயா கொடுத்து, மலையாளம் கலந்த தமிழில், "கோட்டைச்சாமி சாரோட மகன்தானா? மூக்கு அப்படியே இருக்கு" என்றார்.

பிரதீப் சாயாவைத் தொடாமல் எல்லாவற்றையும் கொட்டினான். பெட்டி, பங்காளி, தலைப்பு, பூட்டு, பெரியம்மாவின் முறுக்குச் சபை. டீச்சருக்கு வகுப்பில் தப்பான விடையைப் பொறுமையாகக் கேட்கிற முகம். கடைசியில் கேட்டார்:

"அஞ்சு வீட்டுக்காரங்களும் வாசிக்கிற அளவுக்கு அதுல என்ன இருக்கு?"

"டீச்சர்... உங்களுக்குத் தெரியாதா? உங்களுக்குத்தானே எழுதினாரு?"

டீச்சர் உள்ளே போய்ப் போனை எடுத்து வந்து அவன் முன்னால் நீட்டினார். "இதுதானே?"

வரிசையாக இருபத்தேழு மெயில்.

'மதிப்பிற்குரிய டீச்சர் அவர்களுக்கு வணக்கம். இங்கே கடும் வெயில்'

'மதிப்பிற்குரிய டீச்சர் அவர்களுக்கு வணக்கம். இங்கே பனி அதிகம்'

'மதிப்பிற்குரிய டீச்சர் அவர்களுக்கு வணக்கம். இங்கே நல்ல மழை.'

அவ்வளவுதான். அதற்குக் கீழே காலி.

பிரதீப் கடைசி வரை தள்ளிப் பார்த்தான், இருபத்தேழும் அப்படித்தான். சங்கிலியிலிருந்து வெளி உலகத்து மெயிலுக்கு ஒரு பாலம் வேண்டியிருந்தது. அதையும் அவன்தான் எழுதினான். சோதித்துப் பார்த்தபோது நீளமான தமிழ்த் தலைப்புகளை வெளி மெயில்காரர்கள் குப்பை என்று திருப்பி அனுப்பினார்கள். அதனால் ஒரு வரி சேர்த்தான்: நாற்பது எழுத்துக்கு மேல் போனால் வெட்டு. நாற்பது எழுத்துக்கு மேல் எவன் தலைப்பு எழுதப்போகிறான் என்று அன்றைக்கு அவனே சத்தமாகச் சொல்லிச் சிரித்ததும் நினைவு வந்தது.

ஐந்து வீடு படித்திருக்கிறது. கன்னையன் சித்தப்பா பெண்டாட்டி நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். யாருக்கு எழுதியதோ அவர் கைக்கு மட்டும் போய்ச் சேரவில்லை.

"என்ன மோனே, வேர்க்குது?"

"டீச்சர், கடைசியா நீங்க என்ன பதில் எழுதினீங்க?"

"எப்பவும் எழுதறதுதான். இங்கேயும் மழை, ஏலத்துக்கு நல்லது, உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். ஏன், அதுக்கப்புறம் அவர் எழுதவே இல்ல? நான் ஏதும் தப்பா எழுதிட்டேனா?" கடைசிக் கேள்வியில் டீச்சரின் குரல் கொஞ்சம் இறங்கியது.

பிரதீப் எழுந்தான். செருப்பை விட்டுவிட்டு ஓடினான்.

ஜீப்புக்குள் அப்பா அப்படியே உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டு அவன் சொன்னதை முதலில் அவர் நம்பவில்லை. அவன் மறுபடியும் சொன்னான்.

"அப்ப நாற்காலி?"

"போகலப்பா."

"பலா மரத்து நெழலு?"

"அதுவும் போகல. ஒண்ணுமே போகல. வெயில், பனி, மழை. அதுதான் போயிருக்கு."

கோட்டைச்சாமி வாய் பிளந்து மகனைப் பார்த்தார். அறைவார் என்று பிரதீப் தயாராகக் கன்னத்தைக் கொடுத்து நின்றான். அவரோ ஜீப்புக் கதவைத் திறந்தார்.

"அப்ப அந்தம்மா வேண்டாம்னு சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லப்பா."

அவர் நடந்த நடைக்குப் பிரதீப்பால் ஈடுகொடுக்க முடியவில்லை.

வாசலுக்குப் போய்விட்டாரே தவிர, அங்கே போய்ப் பேச்சு வரவில்லை. "வணக்கம் டீச்சர்" என்றார். அண்ணாந்து பார்த்தார். "இங்கே..." என்று ஆரம்பித்து, வானிலை சொல்லப்போகிறோம் என்று அவருக்கே பட்டுவிட, நிறுத்திக்கொண்டார்.

நாற்பது எழுத்து வெட்டைப் பிரதீப்தான் சொன்னான். டீச்சர் அவனிடம் திரும்பினார். "முழுசும் உன்கிட்ட இருக்கா?"

"அழிக்க முடியாது டீச்சர்" என்றான். ஏழு மாதத்தில் முதல் தடவையாக இதை அவன் பெருமையாகச் சொல்லவில்லை. முந்தின நாளே போனில் இறக்கி வைத்திருந்ததைத் திறந்தான். ஆனால் நீட்டவில்லை. அப்பாவைப் பார்த்தான். இந்தத் தடவையாவது எழுதியவரைக் கேட்டுவிட்டுக் கொடுப்போம் என்று இருந்தது.

கோட்டைச்சாமி தலையசைத்தார். அசைத்துவிட்டுப் போய் வேலியோரம் முதுகு காட்டி நின்றுகொண்டார். ஏலம் நடக்கும்போது, தன் காய்க்கு விலை படிகிறவரை திரையைப் பார்க்க மாட்டாமல் வெளியே போய் நிற்பாரே, அந்த நிற்பு.

டீச்சர் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார். ஒன்றாவதிலிருந்து. அவசரமே இல்லை. இடையில் ஒரு தடவை எழுந்து போய்ப் பலா மரத்தைப் பார்த்துவிட்டு வந்தார். ஒரு தடவை சிரித்தார். ஒரு தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசிக் கடிதத்தில் ரொம்ப நேரம் இருந்தார். பிரதீப்பின் சாயா ஆறிப் போயிருந்தது.

"சார்" என்று கூப்பிட்டார்.

கோட்டைச்சாமி திரும்பினார். கிட்டே வரவில்லை.

"நான் எத்தனை பதில் எழுதினேன்?"

"இருபத்தேழுங்க."

"ஒரு மனுசன் இருபத்தேழு தரம் வெயில், மழைன்னு மட்டும் எழுதறாரு. அதுக்கு இருபத்தேழு தரமும் ஒருத்தி உட்கார்ந்து பதில் எழுதறா. சிக்னல் தேடி அந்த மேட்டு வரைக்கும் ஏறிப் போய் அனுப்பறா. எதுக்குன்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

அப்பா எதையோ சொல்ல வாயைத் திறந்து மூடினார். இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை சொன்னார்: "பேப்பர இன்னைக்கே எடுத்து வச்சிர்றேன்."

டீச்சர் போனைப் பிரதீப் கையில் கொடுத்தார். முகம் சிவந்திருந்தது, குரல் மட்டும் வகுப்பறைக் குரல். "ஞாயித்துக்கிழமை வாங்க. சாப்பாடு இங்கதான். இவனைக் கூட்டிட்டு வர வேண்டாம்."

மலை இறங்கும்போதும் அப்பா முன் சீட்டில்தான் உட்கார்ந்தார். இரண்டு வளைவு தாண்டியதும் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"அந்தப் பெட்டிய நிறுத்த முடியுமாடா?"

"அஞ்சு வீடும் ஒத்துக்கிட்டா முடியும்ப்பா. அஞ்சையும் ஒண்ணாப் புடுங்கணும்."

"அப்பறம் வியாபாரி மெயிலு?"

"எல்லாரையும் போல சாதாரண மெயில் வச்சுக்குவோம். அழிஞ்சா அழிஞ்சுட்டுப் போகுது. ஏழு மாசத்துல வியாபாரிக கிட்டருந்து மொத்தம் பதினோரு மெயில்தான் வந்திருக்கு" என்றான். இதை வாய்விட்டுச் சொல்ல முடியும் என்று அவன் நினைத்ததே இல்லை. சொன்ன பிறகு உடம்பு லேசாக இருந்தது.

அப்போது போன் அடித்தது. பெரியம்மா. ஸ்பீக்கரில் போடாமலே ஜீப்பு முழுக்கக் கேட்டது.

"என்னப்பு, மலைக்குப் போனீகளாமே? என்ன சொன்னா? சித்தப்பா, கன்னையன் எல்லாரும் இங்கதான் இருக்காக. வெரசாச் சொல்லு, என்ன சொன்னா?"

பிரதீப் வாயைத் திறப்பதற்குள் முன் சீட்டிலிருந்து ஒரு கை நீண்டு போனை வாங்கியது.

"மதினி" என்றார் கோட்டைச்சாமி. "அது எனக்கும் அந்தம்மாவுக்கும் உள்ள பேச்சு."

அந்தப் பக்கம் ஐந்து வீடும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டது. அவர் போனை அணைத்து, வெள்ளைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டார்.